முதல் லாரி வேலை: தேடுகிறவருக்கும் வீட்டாருக்கும் சில குறிப்புகள்

ஹெவி லைசென்ஸ் எடுத்தாகிவிட்டது. ஆனால் ஏறி இறங்குகிற பார்சல் ஆபீஸிலெல்லாம் முதல் கேள்வி, "இதுக்கு முன்னே யார் வண்டியில ஓடினே தம்பி?" என்பதுதான். வண்டி கொடுத்தால்தானே ஓட முடியும் என்று பையன் சலித்துப்போய் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறான். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் போனால், நல்ல டிரைவர் கிடைக்காமல் வண்டி சும்மா நிற்கிறது என்று ஓனர்கள் புலம்புகிறார்கள். இரண்டும் உண்மைதான். பெரிய லாரி என்றால் பல லட்ச ரூபாய் முதல், மாதம் தவறாமல் கட்ட வேண்டிய டியூ, மேலே அடுத்தவர் சரக்கு. அத்தனையையும் முகம் தெரியாத ஒருவன் கையில் கொடுத்து ராய்ப்பூருக்கோ இந்தூருக்கோ அனுப்ப ஓனருக்குப் பயம். அந்தப் பயத்தை எப்படிக் குறைப்பது என்று யோசித்தால் வேலைக்கு வழி தானாகத் தெரியும்.

1. வயதுக் கணக்கை முதலில் போடுங்கள். கார் ஓட்டுகிற எல்.எம்.வி. லைசென்ஸ் 18 வயதில் எடுக்கலாம். சரக்கு வண்டி ஓட்ட 20 முடிந்திருக்க வேண்டும். எல்.எம்.வி. எடுத்து ஒரு வருஷமாவது ஆனால்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். போட முடியும். அதனால் லாரி ஆசை உள்ள பையன் 18 முடிந்த கையோடு கார் லைசென்ஸை எடுத்துவிடட்டும். கல்யாணமாகி, 30 வயதுக்கு மேல் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இந்த ஒரு வருஷக் கணக்கைத் தெரியாமல்தான் அலைகிறார்கள். எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2019-லேயே எடுக்கப்பட்டுவிட்டது; பள்ளிச் சான்றிதழ் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை.

2. கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள். ஹெவிக்கு டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1-ஏ வேண்டும். அதை ஏஜென்ட்டே 'ரெடி பண்ணி' கொடுத்துவிடுவார். அதில் யாருக்கும் லாபமில்லை. நிறம் பிரித்தறிவதில் குறை இருப்பது பலருக்கு அதுவரை தெரிந்தே இருக்காது. அரசு மருத்துவமனையில் ஒரு காலை நேரம் செலவழித்தால் தெரிந்துவிடும்.

3. லைசென்ஸ் கைக்கு வந்ததும் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டு, ஹெவி அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஓனர் முதலில் அதைத்தான் பார்ப்பார். செல்லாத லைசென்ஸ்காரன் ஓட்டி விபத்தானால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த பணத்தை ஓனரிடம் திருப்பிக் கேட்கும். வண்டியே ஓட்டாமல் வெளிமாநிலத்தில் 'எடுத்துக் கொடுத்த' லைசென்ஸ்கள் ஓனரின் இந்தச் சோதனையிலேயே அடிபட்டுப் போகின்றன. சரக்கு வண்டி லைசென்ஸ் 5 வருஷத்துக்குத்தான் செல்லும். முடிகிற தேதியைச் சமையலறை நாட்காட்டியிலும் எழுதி வையுங்கள்; ஓட்டத்தில் இருக்கிறவருக்கு அது நினைவிருக்காது.

4. ஒரு வருஷம் கிளீனராகப் போவதைக் கேவலமாக நினைக்காதீர்கள். டிரைவிங் ஸ்கூலில் காலி வண்டியை மைதானத்தில் ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள். லோடு ஏறின வண்டி வேறு ஜாதி. தார்ப்பாய் போர்த்திக் கயிறு இழுப்பது, டயர் கழற்றி மாட்டுவது, எடை மேடையில் நிற்பது, லோடு இறக்குகிற இடத்தில் கூலிக்குப் பேரம் பேசுவது, ரிவர்ஸில் பின்னால் நின்று குரல் கொடுப்பது எல்லாம் கிளீனர் சீட்டில்தான் வரும். இப்போது பல வண்டிகள் கிளீனரே இல்லாமல் ஒற்றை டிரைவரோடு ஓடுவதால், கூட வருகிறேன் என்று ஒருவன் போய் நின்றால் மறுப்பவர் குறைவு. சம்பளம் சொற்பமாகத்தான் இருக்கும். ஆனால் வருஷம் முடியும்போது "பையன் நல்லவன், நான் பார்த்துக்கிட்டேன்" என்று சொல்ல ஒரு சீனியர் டிரைவர் இருப்பார். இந்தத் தொழிலில் அனுபவச் சான்றிதழ் என்பது அந்த ஆளின் போன் நம்பர்தான்.

5. கிளீனராகப் போக வழியில்லை, வீட்டுக்கு உடனே வருமானம் வேண்டும் என்றால் சின்ன வண்டியில் தொடங்கலாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்பு கொடுத்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் உள்ளவர் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம். டாடா ஏஸ், தோஸ்த், பொலிரோ பிக்கப் எல்லாம் இந்த எடைக்குள்தான். காய்கறி மண்டி, தண்ணீர் கேன், சிமென்ட் கடை, பர்னிச்சர் டெலிவரி எங்காவது ஒரே முதலாளியிடம் ஒரு வருஷம் நிலைத்து நின்றுவிட்டால் போதும். வாரத்துக்கு ஒரு வண்டி மாறினால் அந்த வருஷம் கணக்கில் சேராது.

6. முதல் வண்டி எது என்பதில் அவசரம் வேண்டாம். என் கணிப்பில் புதியவருக்குப் பால் வண்டி, முட்டை வண்டி, கோழித்தீவன வண்டி மூன்றும் நல்ல பள்ளிக்கூடம். தினமும் ஏறத்தாழ அதே ரோடு. எந்த வளைவில் மாடு நிற்கும், எந்தப் பாலத்துக்கடியில் உயரம் இடிக்கும் என்று பழகிவிடும். முட்டை இன்னும் ஒருபடி மேல். பிரேக்கை ஓங்கி மிதித்தால் என்ன ஆகும் என்பதை இறக்குகிற இடத்தில் கையோடு காட்டிவிடும்.

தண்ணீர் லாரி பார்வைக்குச் சுலபம். பாதி நிரம்பிய தொட்டி பிரேக் போட்டதும் உள்ளே அலையடித்து வண்டியை முன்னால் தள்ளும். திருப்பத்தில் ஒருபக்கம் சாய்க்கும். முழுத் தொட்டியைவிட அரைத் தொட்டிதான் ஆபத்து. இதைத் தெரிந்துகொண்டு போனால் போகலாம்.

எம்-சாண்ட், ஜல்லி டிப்பர் வேண்டாம் என்பேன். டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி வைத்திருப்பதால் எல்லோரும் பறக்கிறார்கள். புதுப் பையனும் பறந்தாக வேண்டும். டிரெய்லரும் முதல் வேலை அல்ல. ரிவர்ஸில் ஸ்டியரிங்கை ஒருபக்கம் ஒடித்தால் பின்பாரம் மறுபக்கம் போகும். அது கைக்கு வர நாளாகும். நாமக்கல்லின் பெருமையான கேஸ் டேங்கருக்கோ ஹெவி மட்டும் போதாது. ஆபத்தான சரக்கு ஏற்றுவதற்கான 3 நாள் பயிற்சிச் சான்றும் லைசென்ஸில் அதற்கான பதிவும் வேண்டும். இரண்டு மூன்று வருஷம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

7. வேலை கேட்கப் போகிற இடம் எது? விளம்பரத்தைப் பார்த்துப் போன் பண்ணுவதைவிட, டயர் கடை, லாரி பட்டறை, பாடி கட்டுகிற ஷெட், டீசல் பங்க் ஆகிய இடங்களில் சொல்லி வைப்பது பலன் தரும். ஓனர் வண்டியை வேலைக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கிற இடங்கள் அவை. 'டிரைவர் ஊருக்குப் போயிட்டான், வண்டி நிக்குது' என்ற சேதி பட்டறை மேஸ்திரியின் காதுக்குத்தான் முதலில் வரும். சென்னையில் மாதவரம் லாரி நிலையம், மணலி. தெற்கே தூத்துக்குடித் துறைமுகம். சிமென்ட் என்றால் அரியலூர். கார் கம்பெனி லோடு என்றால் ஒரகடம். கம்பெனி ஒப்பந்த வண்டிகளில் பேப்பர், பயிற்சி எல்லாம் கொஞ்சம் முறையாக இருக்கும். ஆனால் இவ்வளவு வருஷம் ஓடியிருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருப்பார்கள். ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கிற சின்ன ஓனர்தான் ஆளைப் பார்த்து முடிவு செய்வார்.

8. ஓனர் வாய்விட்டுக் கேட்காத நான்கு கேள்விகள் உண்டு. குடிப்பானா? டீசல் விற்பானா? சரக்கில் கை வைப்பானா? நடுவழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவானா? கடைசிப் பயம்தான் பெரியது. மகாராஷ்டிராவில் ஒரு பங்கில் தனியாக நிற்கிற வண்டியை எடுத்துவர இன்னொரு டிரைவரை ரயிலில் அனுப்ப வேண்டும். இந்த நான்குக்கும் கேட்காமலே பதில் சொல்லிவிடுகிற பேச்சு வேண்டும்:

"ஊரு எது தம்பி?"

"மல்லசமுத்திரம் பக்கங்க. முட்டை வண்டியில ஒரு வருஷம் கிளீனரா ஓடினேங்க. அந்த அண்ணன் நம்பர் இதுதானுங்க, எப்ப வேணா கேட்டுப் பாருங்க. தண்ணி பழக்கம் இல்லீங்க. வீட்டுல அம்மா இருக்காங்க, அவங்க நம்பரும் இதுல எழுதியிருக்கேனுங்க."

இவ்வளவு போதும். 'எந்த வண்டி கொடுத்தாலும் ஓட்டுவேன்' என்று மட்டும் சொல்ல வேண்டாம். அதைச் சொல்லாத ஆளே கிடையாது என்பதால் எந்த ஓனரும் நம்புவதில்லை.

9. வேலையில்லாமல் இருந்த காலத்தை மறைக்காதீர்கள். மில் மூடிவிட்டது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கொரோனாவுக்குப் பிறகு கடை நடக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னால் யாரும் தப்பாக எடுக்கப்போவதில்லை. பொய்யாக ஒரு பார்சல் கம்பெனி பெயரைச் சொன்னால் அடுத்த பத்து நிமிஷத்தில் அங்கே போன் போய்விடும். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். டிராக்டர் ஓட்டியது, நெல் அறுவடை மெஷினில் நின்றது, டூ-வீலர் மெக்கானிக் கடையில் ஸ்பேனர் பிடித்தது எல்லாம் சொல்ல வேண்டிய அனுபவம்தான். டிராக்டரில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்தவனுக்கு லாரிக்காரர்கள் தனி மரியாதை கொடுப்பார்கள்.

10. இனி ட்ரையல். கியர் மாற்றுவதைத்தான் பார்ப்பார்கள் என்று பையன்கள் நினைக்கிறார்கள். பாதி முடிவு வண்டி நகர்வதற்கு முன்பே ஆகிவிடும். சாவியை வாங்கினதும் நேரே கேபினில் ஏறாமல் வண்டியை ஒரு சுற்று வர வேண்டும். அடியில் ஆயில் சொட்டியிருக்கிறதா, வீல் நட்டு எதுவும் தளர்ந்திருக்கிறதா, இரட்டை டயர்களுக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கையில் ஒரு ராடு இருந்தால் ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். காற்றுக் குறைந்த டயர் மொத்தென்று சத்தம் கொடுக்கும். சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு ஏறினால், டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற ஓனர் கிளாஸைக் கீழே வைப்பார்.

கேபினில் ஏறினதும் சீட்டையும் கண்ணாடியையும் உங்கள் உயரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்து ஏர் ஏறுகிற வரை காத்திருங்கள். ஏர் பிரேக் வண்டியில் காற்று நிரம்பாமல் கிளப்பப் பார்ப்பது, இவன் லாரிக்குப் புதுசு என்று போர்டு மாட்டிக்கொள்வது போல. ஓடும்போது கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே போகாதீர்கள்; அந்தப் பிளேட்டின் விலை ஓனருக்குத்தான் தெரியும். திருப்பத்தில் பின் சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும் என்பதை நினைத்து அகலமாக எடுங்கள்.

ரிவர்ஸில் சந்தேகம் வந்தால் நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதை வெட்கம் என்று நினைக்கிறவன்தான் காம்பவுண்டுச் சுவரை இடிக்கிறான். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடவே கூடாது. தர்மபுரி - சேலம் சாலையில் தொப்பூர் கணவாயில் நடக்கிற விபத்துகளுக்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும். ஏறின கியரிலேயே இறக்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்தப் பழகுங்கள்.

11. கையில் கொஞ்சம் அவகாசமும் பணமும் இருந்தால் முறையான பயிற்சி நிலையத்தில் சேரலாம். நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கனரக வாகனப் பயிற்சி கொடுக்கிறது. அங்கே கிடைக்கிற சான்றிதழைவிட, அங்கே சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இருக்கிற பழக்கம் பெரிது. பையன் எப்படி என்று கம்பெனிக்காரர்கள் அவர்களைத்தான் கேட்பார்கள்.

12. சம்பளம் பேசும்போது கூச்சம் வேண்டாம். மாதச் சம்பளமா, டிரிப்புக்கு இவ்வளவா, வாடகையில் பங்கா? படி தனியா? லோடு இறக்கக் காத்துக் கிடக்கிற நாளுக்குப் படி உண்டா? பஞ்சர், ஏற்றுக்கூலி, வழிச்செலவு யார் கணக்கு? சரக்குக் குறைந்தால் யார் பொறுப்பு? ஊருக்கு எப்போது விடுவார்கள்? இவற்றை முதல் நாளே கேட்டுக்கொண்டு, பேசி முடித்ததை வாட்ஸாப்பில் ஒரு வரியாக ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். "அண்ணா, நீங்க சொன்ன மாதிரி..." என்று பணிவாகத் தொடங்கினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

13. ஒரிஜினல் லைசென்ஸை ஓனரிடம் அடகு போலக் கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள். வெறும் ஸ்டாம்ப் பேப்பரிலோ தொகை எழுதாத செக்கிலோ கையெழுத்துப் போடவே வேண்டாம். பெரிய அட்வான்ஸும் அப்படித்தான். கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக வாங்கினவர், அது கழிகிற வரை எவ்வளவு மோசமான வண்டியானாலும் இறங்க முடியாது.

14. ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். கிளம்பிய கிலோமீட்டர், அடித்த டீசல், சாப்பாடு, பஞ்சர், கூலி எல்லாம் அன்றன்றைக்கே எழுத வேண்டும். பில்லுகளை ஒரு கிளிப்பில் மாட்டி வைக்க வேண்டும். லோடோடு பெரிய வண்டி லிட்டருக்கு 3, 4 கிலோமீட்டர்தான் கொடுக்கும் என்பதால் டீசல் கணக்குதான் ஓனரின் உயிர். டிரிப் முடிந்து கேட்பதற்கு முன் நோட்டை நீட்டுகிற பையனை அடுத்த லோடுக்கும் கூப்பிடுவார்கள். கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

15. வண்டியை எடுக்குமுன் ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், புகைச் சான்று ஐந்தின் தேதியையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இ-வே பில்லில் வண்டி எண் சரியா என்று பாருங்கள். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அது செல்லும். வண்டி வழியில் நின்றுவிட்டால், முடிகிற நேரத்துக்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்க முடியும். நீட்டிப்பது ஆபீஸ்காரர் வேலை. நேரத்தைக் கவனித்து அவருக்குச் சொல்வது டிரைவர் வேலை.

16. ஓவர் லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. சட்டம் ஓட்டச் சொன்னவரை மட்டுமல்ல, ஓட்டினவரையும் பிடிக்கும். லைசென்ஸை 3 மாதம் நிறுத்தி வைக்கவும் வழி இருக்கிறது. புதுப் பையன் ஓனரிடம் சண்டை போட முடியாது என்பது தெரிந்ததுதான். "எடை போட்டுட்டுக் கிளம்பறேனுங்க" என்று சொல்லலாம் அல்லவா? எடைச் சீட்டைப் பார்த்தபின் பேச்சு வேறு மாதிரி போகும்.

17. வெளிநாட்டு டிரைவர் வேலை என்று பணம் கேட்கிற ஏஜென்ட் வந்தால், இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண்ணைப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

18. வீட்டில் இருப்பவர்களுக்கு: வண்டி எண், ஓனர் நம்பர், போகிற ஊர் மூன்றையும் சுவரில் எழுதி வையுங்கள். நீங்களாகப் போன் பண்ணாதீர்கள். அவர் நிறுத்தியபின் பண்ணட்டும். முதல் இரண்டு நாளுக்குப் புளிச்சோறும் எள்ளுப்பொடி, எண்ணெய் டப்பாவும் கொடுத்துவிட்டால் ராத்திரி ஓட்டல் தேடி அலைய வேண்டாம். பையில் டார்ச், போர்வை, மழைக்கோட்டு, கண்ணாடி போடுபவர் என்றால் இன்னொரு கண்ணாடி. டிரிப் முடிந்து வந்தவரை முதல் நாள் கல்யாணம், கருமாதி என்று இழுத்துக்கொண்டு போகாமல் தூங்கவிடுங்கள்.

19. முதல் டிரிப்புக்கு முன்பே பேங்கில் ஒரு கையெழுத்து: பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் வருஷம் 20 ரூபாய் பிடித்துக்கொண்டு 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கொடுக்கிறார்கள். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான நல வாரியத்திலும் பதிவு செய்யுங்கள். விபத்து நேர்ந்தால் அடிபட்டவருக்கு 108-ஐ அழைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்ல வேண்டியது டிரைவரின் சட்டக் கடமை. கூட்டம் அடிக்க வருகிறது என்றால் நேரே ஸ்டேஷனுக்கே போய்விடலாம். ஊரைவிட்டு ஓடுவதுதான் வழக்கைப் பெரிதாக்கும்.

20. முதல் வண்டியை விட்டுப் போகிறபோது ஒழுங்காக விட்டுப் போங்கள். வேறு இடத்தில் கூடுதல் சம்பளம் கிடைத்தால் போகத்தான் வேண்டும். ஆனால் லோடை இறக்கி, வண்டியை ஓனர் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தி, நோட்டைக் காட்டிக் கணக்கு முடித்து, ஜாக்கி, லிவர், தார்ப்பாய், கயிறு எல்லாம் எண்ணிக் கொடுத்துவிட்டு, "போயிட்டு வர்றேனுங்கண்ணா, யாராவது கேட்டா நாலு வார்த்தை சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். புது ஓனர் அன்றைக்குச் சாயங்காலமே அவருக்குப் போன் பண்ணுவார்.